பி.டி. சாரின் டேக் பாட்டு

என் வீட்டுக்காரர் சிவபாண்டியைப் பற்றி அவரிடம் படித்த பிள்ளைகள் எழுதினால் தங்கமான மனுஷர் என்று எழுதுவார்கள். கூடக் குடித்தனம் நடத்துகிற நான் எழுதினால் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒரு சொல் பொறுக்க மாட்டார். பால்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை யாரிடமும் மிச்சம் வைக்காமல் பேசிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடுவார். பிறகு அந்த ஆட்களைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பு.

அவருடைய அப்பா அழகுமலை ஒத்தக்கடைப் பக்கம் அடுத்தவர் வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். மகனைப் படிக்க வைத்தது கபடி. விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி, அப்புறம் உடற்கல்விப் பட்டம், அப்புறம் மேலூர் ரோட்டில் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் பி.டி. சார் வேலை. அந்தப் பள்ளிக்கூடம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் வயல். பள்ளித் தாளாளரின் குடும்பத்து வயல். என் மாமனார் அதில் கதிர் அறுத்திருக்கிறார். இதைத் தாளாளரும் மறக்கவில்லை, என் வீட்டுக்காரரும் மறக்கவில்லை. வாயைத் திறந்து சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி அணி என்று ஒன்று உண்டானது இவரால்தான். விளையாட்டு வகுப்பென்றால் வேப்பமர நிழலில் நின்று கதை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளை மண்ணில் இறக்கினார். முழங்கால் சிராய்த்துவிட்டது என்று சண்டைக்கு வந்த பெற்றோரிடம் இவரும் பதிலுக்குச் சண்டை போட்டார். ஒவ்வொரு வருஷமும் கோப்பை வந்தது. கோப்பையைத் தாளாளர் தன் அறையில் வைத்துக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். இவருக்கு அதெல்லாம் இல்லை, பிள்ளைகள் ஜெயித்தால் போதும்.

சென்ற ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் புது உத்தரவு வந்தது. வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டும். ஆசிரியர், ஆயா, டிரைவர் எல்லாருக்கும் அதே சட்டம். ஆசிரியர்களுக்கு மாலையில் பேச்சு ஆங்கில வகுப்பு, அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் தாளாளர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. தேறாதவர்களுக்கு அடுத்த வருஷம் வேலை கிடையாது. பி.டி. சார் இடத்துக்கு ஆங்கிலம் பேசுகிற ஒருவரைக் கோயம்புத்தூரில் பார்த்து வைத்திருப்பதாகவும் தாளாளர் இவர் காதில் விழும்படியே சொன்னார்.

வகுப்பெடுக்க வந்தவள் ஆஷ்லின். திருநகர்க்காரப் பெண், அம்மா அந்தக் காலத்து மிஷன் பள்ளி டீச்சர். இந்தப் பருவம் முழுக்க ஒரே ஒரு சொல்தான் என்றாளாம். டேக். அந்தச் சொல்லோடு ஆங்கிலத்தில் என்னென்ன ஒட்டி வருமோ அத்தனையும் நாக்கில் நிற்க வேண்டுமாம். முதல் நாள் இவர் விசிலும் கழுத்துமாக உள்ளே நுழைந்ததும், "டேக் எ சீட் சார்" என்றிருக்கிறாள். இவர் நாற்காலியை ஒரு கையில் தூக்கி, "எங்க டீச்சர் கொண்டு போகணும்?" என்று கேட்டிருக்கிறார். அர்த்தம் தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே கேட்டதுதான். எல்லாரும் சிரித்தார்கள். ஆஷ்லின் சிரிக்கவில்லை. அந்த வாரத் தேர்வில் இவருக்குப் பூஜ்யம் போட்டு, மாணவர்கள் பார்க்கிற அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒத்தக்கடையில் ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் நான் கிளார்க். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் அவளுக்காகக் காத்திருந்து பிடித்தேன்.

"பிள்ளைங்க பாக்குற போர்டுல ஒட்டணுமா டீச்சர்? நாளைக்கு கிரவுண்டுல அவர் சொன்னா எந்தப் பிள்ளை கேக்கும்?"

"ஒட்டச் சொன்னது கரஸ்பாண்டண்ட் சார்தான்க்கா. ஒட்டலைன்னா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"அப்ப என் வீட்டுக்காரரை அனுப்பினா பரவாயில்லையா?"

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "பரவாயில்லக்கா. ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னா அவரு போகட்டும். எனக்கும் வீடு இருக்குல்ல."

இப்படிப் பட்டென்று சொல்கிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது? அந்த நேர்மைக்காக அன்றைக்கு ஒரு நாள் அவளை வெறுக்காமல் இருந்தேன். மறுநாள் காலையில் மீண்டும் வெறுக்க ஆரம்பித்தேன்.

வீட்டில் சண்டை தொடங்கியது. ஆஷ்லின் டேக் சொற்களை எழுதிக் கொடுத்த சார்ட்டை நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இவர் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அதை முறைப்பார்.

"இந்தா வாணி, கேக்குறேன்ல. நாம பஸ்ஸப் புடிக்கிறோம், இங்கிலீஷ்காரன் எடுக்குறான். நாம மாத்திரை போடுறோம், அவன் எடுக்குறான். நாம குளிக்கிறோம், அவன் குளியலையும் எடுக்குறான். எடுத்து எடுத்து எங்கதாண்டி வைப்பான்?"

"நீங்க மட்டும் லீவு எடுக்கலையா? ரெஸ்ட் எடுக்கலையா? போட்டோ எடுக்கலையா? அம்புட்டும் அவங்ககிட்ட இருந்து வந்ததுதான். பாதி தெரிஞ்சு வச்சிருக்கீங்க, மீதியப் படிங்க."

"நான் என்னாத்துக்குப் படிக்கணும்? கபடிக்கும் டேக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"சோத்துக்கும் டேக்குக்கும் சம்பந்தம் இருக்கு. படிங்க."

நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சொல்வேன். கோப்பில் எழுத எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் 'டேக் நெசசரி ஆக்ஷன்' மாதிரி இப்படி ஒட்டி வருகிற துண்டுகள்தான். அர்த்தம் பார்த்துக் கற்றுக்கொண்டதில்லை, கை பழகியது. இவருக்கும் அப்படிப் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகியது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

கபடியில் எதிர்ப்பக்கம் போகிறவர் 'கபடி கபடி' என்று விடாமல் பாட வேண்டும். நடுவில் மூச்சு எடுத்தால் அவுட். யாரையாவது தொட்டுவிட்டால், அந்த ஒரே மூச்சில் தன் கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால்தான் தொட்டது செல்லும், தொடப்பட்டவர் அவுட். சின்ன வயசிலிருந்து இவர் நாக்கும் நெஞ்சும் அதற்குப் பழகியவை. ஒரு நாள் விடியலில் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். யானைமலையைப் பார்த்துக் குனிந்து, கைகளை விரித்து, கால் மாற்றிக் கால் வைத்து இவர் பாடிக்கொண்டிருந்தார். "டேக் எ சீட் டேக் எ பஸ் டேக் எ பாத் டேக் எ போட்டோ டேக் நோட்ஸ் டேக் மெடிசின் டேக் பார்ட் டேக் கேர்..." சார்ட் முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

"அப்ப டேக் கேர்னா என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

விழித்தார். பிறகு டேக் எ சீட்டில் தொடங்கி ஓடி வந்து, டேக் கேரில் நின்று, "பத்திரமா இருக்குறது" என்றார். டேக் பார்ட் கேட்டேன். திரும்பவும் முதலிலிருந்து. எதைக் கேட்டாலும் முதலில் இருந்து ஓடி வந்தால்தான் அது கையில் அகப்பட்டது. நடுவில் நிறுத்தினால் எல்லாம் போயிற்று, மறுபடியும் கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். வேறு யார் படித்தாலும் இப்படி ஒரு கோளாறு வராது. கபடிக்காரனுக்குத்தான் வரும்.

தேர்வு நாள் வந்தது. அங்கே நடந்ததை இவர் ஒரு விதமாகவும் ஆஷ்லின் வேறு விதமாகவும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். தாளாளர் அறையில் அவரும் முதல்வரும் ஆஷ்லினும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஆசிரியர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. இவர் போனபோது அதில் கோப்புகள் கிடந்தன, யாரும் எடுக்கவில்லை. இவர் நின்றுகொண்டே, "டேக் எ சீட்" என்று ஆரம்பித்தார். முழுப் பாட்டும் முடிந்தது. தாளாளருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. 'டேக் ரெஸ்பான்சிபிலிட்டி' வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். இவர் மூச்சை இழுத்து மறுபடி முதலிலிருந்து கிளம்பினார். இன்னொன்று கேட்டார், இன்னொரு தடவை கிளம்பினார். தாளாளர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. செல்போனை எடுத்து, "ஒன்ஸ் மோர் சிவபாண்டி, ஒன்ஸ் மோர்" என்று படம் பிடித்தார். கடைசியில், "பாஸ்! போங்க. டோன்ட் டேக் ஆஃபென்ஸ்" என்றார்.

சார்ட்டில் அது இல்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"எடுத்துக்கிறதா வேணாமான்னு நாந்தானடி சொல்லணும்? அவன் யாரு அதச் சொல்ல?"

"பாஸ் போட்டுட்டாருல்ல. வேலை நின்னுச்சுல்ல. பேசாமச் சாப்பிடுங்க."

அன்றைக்குக் கறி எடுத்திருந்தேன். இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பிழைப்பு தப்பியிருக்கிறது, இந்த மனுஷருக்குச் சிரித்தது பெரிதாகப் போய்விட்டதே என்று.

அதற்குப் பிறகு தாளாளருக்கு இது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. புதிதாகச் சேர்க்கைக்கு வருகிற பெற்றோரோ, வேறு பள்ளி முதலாளிகளோ அறைக்கு வந்துவிட்டால் மைதானத்துக்கு ஆள் வரும். "சார் கூப்புடுறாரு. அந்தப் பாட்டுக்குத்தான்." பிள்ளைகளை அப்படியே நிறுத்திவிட்டு, மண் ஒட்டிய காலோடு ஏ.சி. அறையில் போய் நின்று பாடிவிட்டு வருவார். விருந்தாளிகள் செல்போனில் நேரம் பார்ப்பார்கள், கை தட்டுவார்கள். "எங்க அப்பா காலத்துல இவங்க அப்பா எங்க வயல்லதான்" என்று தாளாளர் ஒரு தரம் ஆரம்பித்தாராம். மீதியை இவர் என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் ஒரு சொல் பொறுக்காத மனுஷர் அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றார். காரணம் நான்தான். வேலையை விட்டால் வீட்டுக்குள் வராதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அதை வாபஸ் வாங்குகிற எண்ணமும் எனக்கு இல்லை. நான் ஒருத்தி சம்பளத்தில் எங்கள் வீடு, மாமனார் வீடு என்று இரண்டு குடும்பம் ஓடாது.

தாளாளர் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. எங்கள் கல்லூரி அலுவலகத்திலேயே ஒருவர் என்னிடம் காட்டி, "யாருன்னு தெரியுதா மேடம்? செம காமெடி" என்றார். நான் அவருடைய விடுப்பு விண்ணப்பத்தை ஒரு வாரம் மேலே அனுப்பவில்லை.

அந்த வீடியோ மைதானத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஜனவரியில் மண்டல அளவில் அரையிறுதி, திருமங்கலம் பக்கத்து ஒரு பள்ளியில். நானும் போயிருந்தேன். எங்கள் அணித் தலைவி கனிஷ்கா எதிர்ப்பக்கம் பாடிப் போனாள். சுற்றி நின்ற அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அவளோடு சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். "டேக் எ சீட்! டேக் எ பஸ்! டேக் எ பாத்!" அவள் ஒரு நொடி இவர் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாட்டு நின்றது. மூச்சு போயிற்று. நடுவர் விசில் ஊதினார். அடுத்துப் போனவளுக்கும் அதே. தோற்றோம். பஸ்ஸில் வரும்போது கனிஷ்கா ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"சார், நாங்க தோத்தது தெரியும் சார். ஆனா அவங்க உங்களப் பாத்துச் சிரிச்சாங்க சார்."

அன்றைக்கு முதல் தடவையாக எனக்கும் அந்தத் தாளாளரின் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்?

பிப்ரவரியில் ஆண்டு விழா. நிகழ்ச்சி நிரலில் குழு நடனத்துக்கும் பரிசளிப்புக்கும் நடுவில், பி.டி. சாரின் சிறப்பு நிகழ்ச்சி என்று அச்சடித்திருந்தார்கள். போக மாட்டேன் என்று இவர் பனியனோடு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷம். கண்ண மூடிக்கிட்டு பாடிட்டு வந்துருங்க" என்றேன்.

"என் பிள்ளைங்க முன்னாடியா?"

"அவங்க முன்னாடிதான். சம்பளம் வேணும்ல."

என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய் டிராக் சூட்டை மாட்டினார். "வாரேன். நீயும் வா" என்றார்.

மைதானத்தில் பந்தல், கட்-அவுட், ஒளி விளக்கு. முன்வரிசை சோபாவில் தாளாளரும் சிறப்பு விருந்தினர்களும். கபடிப் பிள்ளைகள் சீருடையோடு ஓரமாக நின்றார்கள், நான் அவர்களுக்குப் பக்கத்தில். ஆஷ்லின் மேடையில் மைக்கைப் பிடித்து இவர் பெயரைச் சொன்னபோது கூட்டத்தில் அப்போதே சிரிப்பு கிளம்பிவிட்டது. இவர் மேடைக்கு நடுவில் வந்தார். மைக்கை வாங்கவில்லை. குனிந்து மேடைத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆட்டத்துக்கு முன்னால் கபடிக்காரர்கள் அப்படிச் செய்வார்கள். என் பக்கத்தில் கனிஷ்கா நிமிர்ந்து நின்றாள்.

"டேக் எ சீட் டேக் எ பஸ் டேக் எ பாத்..."

பாடிக்கொண்டே மேடைப்படியில் இறங்கினார். ஜனங்கள் ஓவென்று சிரித்தார்கள். கைகள் விரிந்தன. கால் மாற்றிக் கால் வைத்து முன்வரிசைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினார். தாளாளர் சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "...டேக் நோட்ஸ் டேக் மெடிசின் டேக் பார்ட் டேக் கேர்..." சட்டென்று ஒரே எட்டு. தாளாளரின் நெஞ்சில், வெள்ளைச் சட்டையின் மேல், உள்ளங்கை பதியத் தொட்டார்.

திரும்பினார். ஆனால் மேடைக்குப் போகவில்லை. பாட்டை விடாமல் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த பாதையில், பள்ளிக்கூட வாசலைப் பார்த்து ஓடினார். பெற்றோர்கள் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். கபடிப் பிள்ளைகளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "கோட்டுக்குப் போறாரு! சார் கோட்டுக்குப் போறாரு!" என்று கனிஷ்கா கத்தினாள். எல்லாரும் அவர் பின்னால் ஓடினார்கள். நானும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

இரும்புக் கதவுக்குக் கீழே பதித்திருந்த தண்டவாளத்தைத் தாண்டி வெளியே கால் வைக்கிறவரை பாட்டு நிற்கவில்லை. தாண்டியதும் முழங்காலில் கையை ஊன்றி, மூச்சை விட்டார். உள்ளே பிள்ளைகள் பந்தலைப் பார்த்துத் திரும்பி ஒரே குரலில் கத்தினார்கள்.

"அவுட்!"

அப்போதுதான் கூட்டத்தில் கைதட்டல் நின்றது. தாளாளர் சோபாவை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். செல்போன் இன்னும் கையில் இருந்தது.

"மூச்சு விட்டேனாடி நடுவுல?" என்று இவர் என்னிடம் கேட்டார். முகமெல்லாம் வியர்வை.

"விடலை. வேலையத்தான் விட்டுட்டீங்க" என்றேன்.

மறுநாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூர் ஆள் வந்துவிட்டார், நன்றாக ஆங்கிலம் பேசுகிறாராம், கபடிதான் தெரியாதாம். இவர் இப்போது ஒத்தக்கடையில் ஒரு காலி மனையில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார், வருமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. என் ஒரு சம்பளத்தில் இழுத்துப் பிடிக்கிறேன். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீரவில்லை, வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடுகிறேன். ஆனால் அந்தத் தாளாளர் அவுட் ஆனதை என் கண்ணால் பார்த்தேன். வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்று முதல்வர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். இவரிடம் கேட்கக்கூட இல்லை, முடியாது என்று நானே சொல்லி வைத்துவிட்டேன்.